கேள்வி – பதில்: மரு உதிர்ந்தது எதனால்?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் அரூர் வாசகர் ஒருவர், "ஹோமியோபதிக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். நானும், "இதுவரை நடந்த நல்ல சோதனைகளில் கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, சிலர் கோபமாக, சிலர் வருத்தமாக, ஒன்றிரண்டு பேர் பயத்தோடு. மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் இதைப் பாதியில் விட்டுவிட மனம் வரவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கே: ஐயா, என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு கையிலும் பதினைந்து மருவுக்கு மேல் இருந்தது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பை ஆறு மாதம் போட்டும் போகவில்லை. ஹோமியோ டாக்டர் ஒருவர் வெள்ளை உருண்டை கொடுத்தார், மூன்றே மாதத்தில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தது பொய்யா? – வாசகி, பாலக்கோடு

பொய் இல்லை அம்மா. மரு இருந்தது, உருண்டை சாப்பிட்டான், மரு உதிர்ந்தது, மூன்றுமே உண்மை. உருண்டையால்தான் உதிர்ந்ததா என்பது மட்டும்தான் கேள்வி, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நீங்கள் மட்டுமல்ல, எந்த டாக்டராலும் முடியாது.

மரு என்பது தோலில் ஒரு வைரஸ் செய்கிற வேலை. உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டால் பல சமயம் ஒரேயடியாக எல்லா மருவும் சேர்ந்து உதிரும். குழந்தைகளுக்கு எந்த மருந்தும் போடாமலே இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் இப்படிப் போய்விடுகிறது. நம் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், மரு வந்தால் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். எனக்குப் பத்து வயதில் முழங்கையில் வந்தபோது அம்மா அப்படித்தான் வேண்டிக்கொண்டார், எனக்கும் உதிர்ந்தது. குதிரைமுடி கட்டியவர்களுக்கும் உதிர்ந்திருக்கிறது. நாம் எப்போது வைத்தியத்தை மாற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று போட்டு, அது கேட்காமல், அலுத்துப்போய், அப்புறம்தான் அடுத்ததற்குப் போகிறோம். அதற்குள் வருடம் ஓடிவிடுகிறது. உடம்பு தன் வேலையை முடிக்கிற நேரத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆறு மாதம் போட்ட களிம்பே கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கவும் கூடும், அதையும் தள்ளிவிட முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? ஆஸ்திரியாவில் 1996இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அச்சு அசலாக உங்கள் மகனுடைய பிரச்சினையைத்தான் எடுத்துக்கொண்டது. கையில் மரு இருந்த 60 குழந்தைகள். 30 பேருக்கு ஹோமியோ மருந்து, 30 பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் உருண்டை. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, மருவை அளந்து பார்த்த டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் மரு பாதிக்கு மேல் சுருங்கியது ஹோமியோ பக்கம் 9 குழந்தைகளுக்கு, வெறும் உருண்டை பக்கம் 7 குழந்தைகளுக்கு. 30 பேரில் 9, 30 பேரில் 7. இவ்வளவு சின்ன வித்தியாசம் சீட்டுக் குலுக்கிப் போட்டாலே வரும். அந்த 7 குழந்தைகளின் அம்மாக்களும் உங்களைப் போலவே கண்ணால் பார்த்தவர்கள்தான் அம்மா.

கே: சார், பி.எஸ்சி. வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். 30 சி என்றால் மருந்தே இருக்காது என்கிறார்கள். எங்கள் மாமா வீட்டில் எல்லோரும் ஹோமியோதான், நான் சொன்னால் சிரிக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது? – மாணவி, போச்சம்பள்ளி

தங்கச்சி, இதை நம் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்லிவிடலாம். நான் பென்னாகரம் பக்கத்தில் பிறந்தவன். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும், சிலருக்கு முதுகே வளைந்துவிட்டது. காரணம் போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஹோமியோ கணக்கில் இது 3 சி. முதல் தடவை நூறில் ஒன்று, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறில் ஒன்று, மறுபடி நூறில் ஒன்று, மூன்று தடவை முடிந்தால் பத்து லட்சத்தில் ஒன்று.

அதனால் "இவ்வளவு நீர்த்துப்போனால் எப்படி வேலை செய்யும்" என்று எடுத்த எடுப்பில் மாமாவிடம் வாதாடாதே. பத்து லட்சத்தில் ஒருசில பங்குகளே நம் தலைமுறையின் பல்லையும் எலும்பையும் மாற்றியிருக்கின்றன. குறைந்த அளவுக்கும் சக்தி உண்டு, ஆனால் அதில் பொருள் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் எடுத்துக் கொடுத்தால் எவ்வளவு என்று அளந்து சொல்லிவிடுவார்கள். இன்னொன்றும் கவனி. ஃபுளோரைடு கூடினால் பாதிப்பும் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள், 2013இல் திட்டம் தொடங்கியது. நீர்க்க நீர்க்க வீரியம் ஏறும் என்கிற ஹோமியோ விதி சரியாக இருந்தால், ஃபுளோரைடு குறைவான தண்ணீர்தான் பல்லை இன்னும் கெடுத்திருக்க வேண்டும்.

சரி, மூன்றிலிருந்து முப்பதுக்கு வருவோம். அதே ஒகேனக்கல் தாண்டிப் போகிற தண்ணீர் மேட்டூரில் நிற்கிறது, நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அந்த அணையில் ஒரே ஒரு சொட்டு மருந்தை விட்டு ஒரு சீராகக் கலக்கிவிட்டதாக வைத்துக்கொள். அது 9 சியைக்கூடத் தொடாது, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் நிற்கும். உலகத்தில் இருக்கிற எல்லாக் கடலிலும் ஒரு சொட்டு விட்டால் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில். ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நீ படிக்கிற அவகாட்ரோ எண் குறுக்கே வருகிறது. ஒரு மோல் பொருளில் இருப்பது 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு மூலக்கூறுகள், 12 சி என்றால் 10இன் 24ஆம் அடுக்கில் ஒரு பங்கு, அதாவது ஒரு மோலை எடுத்து ஆரம்பித்தால்கூட அதைத் தாண்டி ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவதற்கு வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். 30 சியில் ஒன்றுக்குப் பின்னால் 60 சைபர். அதில் ஒரே ஒரு மூலக்கூறு கிடைக்க வேண்டுமானால் சுமார் 500 கோடி பூமிகளின் எடைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். தாளை எடுத்துப் போட்டுப் பார், உன் கையாலேயே வரும். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் 1796இல் தன் முறையை முதலில் எழுதியபோது மூலக்கூறுகளை எண்ணும் வழி யாரிடமும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் நமக்கு அந்த எண் தெரியும்.

மாமா, "தண்ணீருக்கு ஞாபகம் இருக்கும்" என்பார். 1988இல் பிரான்சில் ழாக் பென்வனிஸ்த் என்ற விஞ்ஞானி அப்படி ஒரு முடிவை நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார். அந்த இதழின் ஆசிரியர் ஜான் மேடாக்ஸ், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போனார். எந்தக் குப்பியில் எது என்ற ரகசியக் குறிப்பை உறையில் போட்டுக் கூரையில் ஒட்டிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள், பழைய முடிவு வரவில்லை. மாமாவிடம் இன்னொன்றும் கேள். அந்தத் தண்ணீரைச் சர்க்கரை உருண்டையில் விட்டுக் காயவைத்துத்தானே கொடுக்கிறார்கள், தண்ணீர் போன பிறகு ஞாபகம் எங்கே தங்கியிருக்கும்?

கே: நான் ஹோமியோ டாக்டர், ஐந்தரை வருடம் படித்தவன். நீங்கள் லான்செட் என்ற மருத்துவ இதழின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள். 1997இல் அதே லான்செட்டில் எங்களுக்குச் சாதகமாக வந்ததை ஏன் மறைக்கிறீர்கள்? எங்கள் மருத்துவம் ஆளுக்கு ஆள் மாறும், எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்கும் முறை எங்களுக்குப் பொருந்தாது. – கிருஷ்ணகிரி

டாக்டர், உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இருந்தாலும் கேள்வி நேர்மையானது.

1997 கட்டுரை உண்மை. கிளாவுஸ் லிண்டே குழு 89 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தமாகப் பார்த்தால் தராசு ஹோமியோ பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் எந்த ஒரு தனி நோய்க்கும் தெளிவான பலன் இருக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது என்பதையும் அதே கட்டுரை சொல்லியிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே குழு மறுபடி உட்கார்ந்து, எந்த ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவை என்று தரம் பிரித்தது. தரம் ஏற ஏறப் பலன் குறைந்துகொண்டே வந்தது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி வாங்கியவர்களுக்கு இது புரியும், மேல் அடுக்கு பளபளவென்று இருக்கிறது, பெட்டியைக் கவிழ்த்தால்தான் உள்ளே எப்படி என்று தெரிகிறது.

2005 லான்செட் கட்டுரையும் அதைத்தான் செய்தது. 110 ஹோமியோ ஆய்வுகள், அவற்றுக்கு இணையாக 110 ஆங்கில மருத்துவ ஆய்வுகள். இரண்டு பக்கமும் சின்ன, கவனக்குறைவான ஆய்வுகளில் பலன் பெரிதாகத் தெரிந்தது, அந்தக் குறை ஆங்கில மருத்துவத்துக்கும் உண்டு. பெரிய, தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது ஹோமியோவில் 8 நின்றன, அந்தப் பக்கம் 6. அந்த 6இல் பலன் நின்றது, இந்த 8இல் மருந்தில்லாத மருந்துப்போலிக்கும் ஹோமியோவுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அந்த 8 எவை என்று கட்டுரையிலேயே போடாமல் பின்னால் வெளியிட்டது தவறு, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எந்த எட்டைப் பொறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு அசையும் என்ற விமர்சனமும் சரியானதே. ஆனால் அப்புறம் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் தனியாகப் பார்த்து, ஹோமியோ பலன் தரும் என்று நம்பத்தக்க ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்றது. அந்த அறிக்கையின் மீதும் உங்கள் தரப்பு முறையீடு செய்தது, தெரியும். ஒரு பெட்டியில் குறை சொல்லலாம், கவிழ்த்த பெட்டி ஒவ்வொன்றிலும் அதேதான் வருகிறதே டாக்டர்.

ஆளுக்கு ஆள் மாறும் என்றீர்கள். அதையும் சோதிக்க வழி இருக்கிறது, ரொம்பச் சுலபமான வழி. நீங்கள் வழக்கம் போல ஒரு மணி நேரம் பேசுங்கள், கனவு, பயம், குளிர் தாங்குமா, புளிப்புப் பிடிக்குமா எல்லாம் கேளுங்கள், அந்த ஆளுக்கென்றே மருந்து எழுதுங்கள். எழுதிய சீட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போனபின் பாதிப் பேருக்கு நீங்கள் எழுதியதும் பாதிப் பேருக்கு வெறும் உருண்டையும் போகட்டும். இப்படிச் செய்த ஆய்வுகளை 2014இல் ராபர்ட் மேத்தி தொகுத்தார், அவர் பிரிட்டனில் ஹோமியோபதி சங்கத்திலேயே பணி செய்தவர். சின்ன அளவில் பலன் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதவில்லை, எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று எழுதினார். உங்கள் பக்கத்து ஆளே இவ்வளவு தூரம்தான் வந்தார்.

இந்த மாதிரிச் சோதனையை வெள்ளைக்காரக் கம்பெனிகள் உங்களைக் கவிழ்க்கக் கண்டுபிடித்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். 1835இல் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை இது. அப்போது ஹானிமன் உயிரோடு இருக்கிறார். ஹோமியோ டாக்டர் ஒருவர், 30ஆவது வீரியத்தில் சாதாரண உப்பைக் கொடுத்தால் நல்ல உடம்பிலும் ஏதாவது தெரியும், பத்துக்கு ஒன்று பந்தயம் என்று சவால் விட்டார். ஊர்க்காரர்கள் சாராயக் கடை ஒன்றில் எல்லோருக்கும் முன்னால் கூடினார்கள். நூறு குப்பிகளுக்கு எண் போட்டுக் குலுக்கி, பாதியில் பனி உருகிய வெறும் தண்ணீர், பாதியில் அதே தண்ணீரில் 30 தடவை நீர்த்த உப்பு. பட்டியலை முத்திரையிட்டு மூடிவிட்டு, வந்தவர்களுக்குக் குப்பிகளைக் கொடுத்தார்கள். திரும்பி வந்து சொன்னவர்கள் 50 பேர். அதில் 42 பேர் ஒன்றுமே தெரியவில்லை என்றார்கள். ஏதோ தெரிந்தது என்ற 8 பேரில் 5 பேர் உப்பு வீரியம் குடித்தவர்கள், 3 பேர் வெறும் தண்ணீர் குடித்தவர்கள். கொடுப்பவருக்கும் தெரியாமல் குடிப்பவருக்கும் தெரியாமல் ஒரு மருந்தைச் சோதிக்கும் வழியை உலகத்திலேயே முதலில் செய்து பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அந்தச் சோதனை பிறந்ததே உங்கள் மருத்துவத்தைப் பற்றிய சந்தேகத்தில், உங்கள் டாக்டர் ஒருவர் துணிந்து விட்ட சவாலில்.

கே: மனுசனுக்கு நம்பிக்கையால் குணமாகும் என்கிறீர்கள். என் மாட்டுக்கு மடிவீக்கம் வந்தது, ஹோமியோ மருந்து ஊற்றினேன், நான்கு நாளில் சரி. மாட்டுக்கு நம்பிக்கை ஏது? – விவசாயி, காரிமங்கலம்

மாட்டுக்கு இல்லை அண்ணா, சரியாகிவிட்டது என்று சொன்னது நீங்கள்தானே. லேசான மடிவீக்கம் பல மாடுகளுக்குத் தானாகவே வடியும், அதிலும் நீங்கள் பயந்துபோய் வழக்கத்தைவிட அடிக்கடி பால் பீய்ச்சி, மடியைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பீர்கள். நார்வேயில் மடிவீக்கம் வந்த கறவை மாடுகளில் சிலவற்றுக்கு ஹோமியோவும் சிலவற்றுக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமாயின. பால் திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால், நான்கு நாள் பார்க்காதீர்கள். கால்நடை டாக்டரை அன்றைக்கே கூப்பிடுங்கள், ஒரு காம்பு செத்துவிட்டால் அப்புறம் திரும்பாது.

கே: ஐ.ஐ.டி. பம்பாயில் 200 சி மருந்தில்கூட நானோ துகள்கள் இருப்பதாக நிரூபித்துவிட்டார்களே? – ஓசூர்

2010இல் வந்த கட்டுரை அது. தங்கம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களிலிருந்து செய்து கடையில் விற்கிற மருந்துகளை வாங்கி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, உலோகத் துகள்கள் தெரிகின்றன என்றார்கள். இருக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரையிலேயே 6 சியிலும் 200 சியிலும் துகளின் அளவு பெரிதாக மாறவில்லை என்று வருகிறது, அப்படியானால் நீர்க்க நீர்க்க வீரியம் ஏறும் என்ற விதி என்ன ஆகிறது? செடியிலிருந்தும் உப்பிலிருந்தும் செய்கிற மருந்துகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? எல்லாவற்றுக்கும் மேலே, துகள் இருப்பது வேறு, நோய் குணமாவது வேறு. நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்று கண்டுபிடித்ததால் அது மருந்தாகிவிடவில்லை.

கே: ஒன்றுமே இல்லை என்றால் அரசாங்கம் ஏன் கல்லூரி நடத்துகிறது, பட்டம் கொடுக்கிறது? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊத்தங்கரை

சார், மதுரை திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1973லேயே மத்திய அரசு சட்டம் போட்டது, ஹோமியோவும் அடங்கிய ஆயுஷ் துறை 2014இல் தனி அமைச்சகமானது, எல்லாம் சரி. அங்கீகாரம் மக்கள் கேட்பதால் வருகிறது. 2020 ஜனவரி 29ஆம் தேதி, கொரோனா வராமல் தடுக்க ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோ மருந்தைச் சாப்பிடலாம் என்று அமைச்சகம் அறிவித்தது, இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டதே அதற்கு மறுநாள். எந்த நோயாளியை வைத்துச் சோதித்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். சிதம்பரத்தில் பிறந்து வேதியியலுக்கு நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2016இல் சண்டிகருக்கு வந்தபோது, ஹோமியோபதியும் ஜோதிடமும் பயனற்றவை என்று வெளிப்படையாகவே பேசினார்.

ஆனால் இந்தியாவில் இது வேர் பிடித்த கதையில் மரியாதைக்குரிய மனிதர்கள் இருக்கிறார்கள். கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார் ஆங்கில மருத்துவத்தில் எம்.டி. பட்டம் வாங்கியவர், ஹோமியோவை முதலில் எதிர்த்துப் பேசியவர், 1867இல் அதற்கே மாறினார். 1876இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சிச் சங்கத்தில்தான் பிற்பாடு நம் சி.வி. ராமன் வேலை செய்து நோபல் வாங்கினார். அவ்வளவு பெரிய அறிவாளி ஏன் மாறினார் என்பதற்கு அந்தக் காலத்து வைத்தியத்தைப் பார்க்க வேண்டும். ரத்தத்தை வடித்துவிடுவது, பாதரச உப்பைக் கொடுப்பது, பேதி வரவைப்பது. காலராவில் தண்ணீர் வற்றிக் கிடப்பவனிடம் ரத்தத்தையும் எடுத்தால் பிழைப்பானா? ஒன்றும் செய்யாமல் உருண்டை மட்டும் கொடுத்த இடத்தில் சாவு குறைவாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. அதே காலராவுக்கு 1971இல் வங்க எல்லை அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தார், நூற்றுக்கு 30 என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அதிலும் சர்க்கரைதான், ஆனால் எத்தனை கிராம் என்று அளந்து போட்ட சர்க்கரை. இன்றைக்கு நம் அங்கன்வாடியில் கொடுக்கிற பாக்கெட் அது.

கே: ஐயா, என் மாமியாருக்கு 61 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாகக் காலில் புண். அவர் நம்பிப் போகிற ஹோமியோ டாக்டர், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும் என்றாராம். நிறுத்திவிட்டார். இப்போது புண்ணில் வாடை வருகிறது. நான் சொன்னால் வீட்டில் சண்டை ஆகிறது. நீங்கள் எழுதினால் கேட்பார். – காவேரிப்பட்டணம்

அம்மா, உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, அன்றைக்கே உங்கள் கைபேசிக்குப் பேசிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கிற மற்ற வீடுகளுக்காக. மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெரியம்மா, நீங்கள் ஏன் அந்த டாக்டரிடம் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவும் அப்படித்தான் போனாள். 2009இல் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, வெயிலில் நின்று, உள்ளே போனால் இரண்டு நிமிடம். முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்கள். ஹோமியோக்காரர் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார், புருசன் செத்ததைக் கேட்டார், தூக்கம் வருமா என்று கேட்டார், அவள் அழுதபோது காத்திருந்தார். கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் பரவிவிடும், உருண்டையில் கரையும் என்றார். அவர் பெயரை எழுத மாட்டேன். கெட்டவர் என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை, தன் மருந்தை முழுசாக நம்பியவர். ஏழு மாதம். எனக்கு வேதியியல் தெரியும், 30 சி என்றால் என்ன என்று வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான், ஆனாலும் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறுவைச் சிகிச்சை டாக்டர் பார்த்தபோது அக்குளுக்கும் எலும்புக்கும் போய்விட்டது. 2011 தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

உட்காரவைத்துப் பேசுவதும் வைத்தியம்தான், அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன், நம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூட்டுவலிக்கும் தூக்கமின்மைக்கும் அவரிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், உருண்டையும் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த மாத்திரையோ இன்சுலினோ எவ்வளவு கொடுத்தால் ரத்தத்தில் எவ்வளவு இறங்கும் என்பதை விரலில் ஒரு சொட்டு எடுத்து அன்றைக்கே பார்க்கலாம். உருண்டைக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் காட்டியதில்லை.

சர்க்கரைக்காரர் காலில் புண் வந்து வாடை அடித்தால், சுற்றிலும் கறுத்தால், வீக்கம் மேலே ஏறினால், அது நாள் பார்க்கிற நோய் இல்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அரை மணி நேரத்து வழி, தருமபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவுக்கே நேராகப் போங்கள், வெளிநோயாளி வரிசையில் நிற்க வேண்டாம். வண்டி இல்லை என்றால் 108. நிறுத்திய மாத்திரைகளின் அட்டை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஹோமியோ டாக்டர் கொடுத்த குப்பி, மூன்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், எத்தனை நாளாக மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மருமகளே கூட்டிப் போகலாம்.